மணலில் நட்ட கிளை

மாசாயில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மணல்வெளி இருக்கிறது. வீடு கட்டக் குன்றைச் சமப்படுத்திவிட்டு, கட்டாமலே போட்டு வைத்திருக்கிறார்கள். லாலாங் புல், ஓரத்தில் ஒரு பெரிய கால்வாய், அவ்வளவுதான். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அங்கே பறவைப் படம் எடுக்க வருகிறவர்கள் இலை இலையாக அச்சடித்த சட்டை, கால்சட்டை, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு வருவார்கள். மொட்டை மணலில் புதர்கள் நடந்து வருவது போல இருக்கும். மெயின் ரோட்டில் இருந்து பார்த்தாலே தெரியும். பறவைக்கு மட்டும் தெரியாது என்று அவர்கள் நம்பினார்கள்.

நான் அங்கே போவது வரைவதற்கு. பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை, ஞாயிறு காலைதான் எனக்கென்று கிடைக்கும். ஒரு மடக்கு நாற்காலி, வரையும் தாள், வண்ணப் பெட்டி, பழைய தூரக்கண்ணாடி. யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. இன்றைக்கும் பறவையின் காலை வரைந்தால் மீன் முள் மாதிரி இருக்கும். அதனால் தள்ளி, கால்வாய்க்கும் அந்தப் பக்கம் உட்காருவேன். பறவைமேல் உள்ள கருணையால் அல்ல. யாரும் வந்து எட்டிப் பார்த்துவிடக் கூடாது.

அந்த மணலில் ஒவ்வோர் ஆண்டும் பஞ்சுருட்டான் பறவைகள் வந்து வளை தோண்டும். நனைந்த செங்கல் நிறத்தில் தலை, நீலத் தொண்டை, கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. தட்டான்பூச்சியைப் பறந்தே பிடித்து, மேலே போகும் மின்கம்பியில் அடித்துக் கொன்று, சரேலென்று வளைக்குள் நுழைந்துவிடும். உள்ளே குஞ்சுகள். அந்த நுழைகிற கணத்தைத்தான் நான் வரைய முயன்றுகொண்டிருந்தேன். பாதித் தலை வரைவதற்குள் பறவை மறைந்துவிடும்.

பிறகு புதர்கள் வந்தன.

அவர்களுக்கு ஓர் அண்ணன் தலைமை. சிங்கப்பூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தண்ணீர்க் குழாய் தடிமனில் ஒரு லென்ஸ் வைத்திருந்தார். வெறும் மணல்மேல் பறவை உட்கார்ந்தால் படம் அழகாக இல்லையாம். பெக்கான் நானாஸ் பக்கம் யாருடைய தோட்டத்திலோ இருந்து பாசி படிந்த ஒரு கிளையை வெட்டிக்கொண்டு வந்து, வளைக்குப் பக்கத்திலேயே நட்டார். அதைச் சுற்றி எல்லாரும் கேமரா முக்காலிகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பஞ்சுருட்டான் வாயில் தட்டானோடு வந்தது. இவ்வளவு பேர் இருக்கிற இடத்தில் வளைக்குள் இறங்கப் பயம். கிளையில் உட்கார்ந்தது. இப்படித் திரும்பியது, அப்படித் திரும்பியது. வால் நடுங்கியது. இருபக்கமும் தையல் மெஷின் மாதிரி கேமராச் சத்தம். கடைசியில் தட்டானைத் தானே விழுங்கிவிட்டுப் பறந்தது.

"என்னாமா போஸ் குடுக்குது பாத்தியா" என்றார் அண்ணன். "மாடல் மாதிரிலா."

காலை முழுக்க இதேதான் நடந்தது. வெயில் ஏறியதும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தாளையும் ரப்பர் பேண்டையும் மணலில் விட்டுவிட்டுப் போனார்கள். இயற்கையை நேசிக்கிறவர்கள்.

அடுத்த ஞாயிறும் வந்தார்கள். சனிக்கிழமையும் பொதுவிடுமுறையும்கூட விடவில்லை. வளைக்குள் குஞ்சுகள் உயிரோடு இருக்கின்றனவா என்றே எனக்குத் தெரியவில்லை. நான் யாரிடமும் போய்ப் பேசுகிறவள் இல்லை. கடையில் மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்தால்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஆனாலும் ஒரு வாக்கியத்தை வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காந்தீங்கன்னா அது உள்ள போவும். குஞ்சு பசியா இருக்கும்."

அவர் லென்ஸில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது பழகிடும்மா. நாங்க எத்தன வருசமா எடுக்குறோம், எங்களுக்குத் தெரியாதா." பிறகு என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். "வரைவீங்களா? வெயில்ல எதுக்கு கஷ்டப்படுறீங்க. நம்பர் குடுங்க, நான் போட்டோ அனுப்புறேன். வீட்ல ஃபேன்கீழ உக்காந்து அதப் பாத்து வரைங்க. ஈசிலா."

பக்கத்தில் இருந்த ஒரு புதர் சிரித்தது. மறுக்கத் தெரியாமல் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையே படம் வந்தது. கிளைமேல் அதே பஞ்சுருட்டான், வாயில் தட்டான். பின்னணி வெண்ணெய் தடவினது போல இருந்தது. குறுக்கே அவர் பெயர். மேலே 'இனிய காலை வணக்கம்', கீழே 'அமைதியே ஆனந்தம்'. அந்தப் பறவையின் முகத்தில் அமைதியைக் கண்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். தினமும் ஒன்று அனுப்பினார். ஒவ்வொன்றிலும் வீடு திரும்ப முடியாத ஒரு தாயோ தகப்பனோ, அதன் கீழே ஒரு பொன்மொழி.

எனக்கு அவரோடு சண்டை போடத் தெரியாது. அவர்கள் எதைப் பார்த்து உட்காருகிறார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தது. வந்து இறங்கியதும் அவர்கள் வளையைத் தேடுவதில்லை, வானத்தையும் பார்ப்பதில்லை. கிளையைத்தான் தேடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அவர்கள் போன பிறகு, அந்தக் கிளையைப் பிடுங்கினேன். மணல்வெளியின் மறுகோடிக்கு, கால்வாய் வளைகிற மேட்டுக்குக் கொண்டுபோய் ஆழமாக நட்டேன். கீழே மணலைக் காலால் மிதித்து இறுக்கினேன். பொட்டலத்தாள் ஒன்றையும் பொறுக்கிக் கிளைக்கடியில் போட்டு வைத்தேன், அவர்களுக்குப் பழகிய இடம் மாதிரி இருக்கட்டும் என்று.

மறுநாள் முதலில் வந்த புதர் நேரே கிளையிடம் போய் முக்காலியை விரித்தது. அடுத்தது அதன் பக்கத்தில். அண்ணன் கடைசியாக வந்து ஒரு நிமிடம் நின்று பார்த்தார். கால்வாய்க்கு அப்பால் நான் பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.

"யாரு இத மாத்தி நட்டது?" என்றார். அவர் குனிந்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். "பரவால்ல, இங்க பேக்ரவுண்ட் இன்னும் சூப்பரா இருக்கு."

உட்கார்ந்துவிட்டார். எங்கிருந்தோ ஒரு மைனா வந்து கிளையில் உட்கார, அதையும் எடுத்தார்கள்.

நான் வளைப் பக்கம் தூரக்கண்ணாடியைத் திருப்பினேன். பஞ்சுருட்டான் தட்டானோடு கம்பியில் இருந்தது. கீழே பார்த்தது, மறுபடியும் பார்த்தது. பிறகு இறங்கி நுழைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தபோது வாய் காலி. காலை முழுக்கப் போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியில் என் பென்சிலும் அதன் வேகத்துக்குப் பழகிவிட்டது.

படம் எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அண்ணன் என் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. தாளை மறைக்க நேரமில்லை. ஒரு மணல் குழி, அதில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நீல வால், அவ்வளவுதான் படம்.

"என்னாமா இது, தலையே காணோம்?"

"உள்ள இருக்குண்ணே" என்றேன்.

அவர் 'பாவம்' என்பது போலத் தலையை ஆட்டினார். "அதுக்குத்தான் சொன்னேன், போட்டோவப் பாத்து வரைங்கன்னு."