செருப்போடு உள்ளே போன நாள்

குற்றவியல் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா சொன்னது ஒன்றுதான்: "ஒரு பேப்பர் போச்சின்னாலும் வுட்டுட்டு டீச்சர் டிரெய்னிங் சேந்துடணும்." எனக்குப் போலீஸ் வேலைமேல் கண். அவருக்கோ அக்காவைப் போல நானும் டீச்சராகப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். சரியென்று தலையாட்டிவிட்டுக் கள்ளக்குறிச்சியில் கல்லூரி சேர்ந்தேன். தியாகதுருகத்திலிருந்து தினமும் பஸ்.

முதல் வருடக் கடைசியில் செய்முறைத் தேர்வு. இதில் போனால் டீச்சர் டிரெய்னிங்தான். கல்லூரிக்குப் பின்னால் காலியாகக் கிடந்த வீடொன்றில் திருட்டு நடந்ததுபோல் ஏற்பாடு செய்திருந்தார்கள். இரண்டிரண்டு பேராகப் போய்த் தடயம் எடுக்க வேண்டும். ஒரு ஜோடி முடித்ததும் ஆய்வகத்துக்காரர் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடுவார். எனக்கு ஜோடி வெள்ளிமலைப் பெண். என்னைவிடப் பயந்தவள்.

எங்களுக்கு முன்னால் போன பையன்கள் நிஜத் திருடனையே பிடித்துவிட்டவர்கள்போல் காலரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "கைரேகைலாம் எடுத்துட்டோம். நீங்க போய் பீரோவத் தொடச்சி வெச்சிட்டு வாங்க" என்றான் ஒருவன். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

வாசற்படிக்கு முன்னால் மண் லேசாக ஈரமாக இருந்தது. அவள் செருப்பைக் கழற்றக் காலைத் தூக்கிவிட்டாள். நானும் கழற்றத்தான் போனேன். ஆனால் என்னுடையது புதுச் செருப்பு. ஈரத்தில் விட மனம் வரவில்லை. காய்ந்த இடம் தேடிக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது, வரிவரியாக ஒரு ஷூ தடம்.

"கழட்டாதடி! அப்டியே நில்லு."

"வூட்டுக்குள்ள செருப்போடவா போறது?"

"இது வூடு இல்லடி. திருட்டு நடந்த எடம்."

அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம். பிளாஸ்டர் கரைத்து ஊற்றி அச்சும் எடுத்தோம். பிறகு, கொடுத்திருந்த பிளாஸ்டிக் உறைகளைச் செருப்பின் மேலேயே மாட்டிக்கொண்டு, தடத்தைச் சுற்றி உள்ளே போனோம். யாரோ பின்னாலிருந்து திட்டப்போகிற மாதிரி முதுகு கூசியது.

எல்லோரும் முடித்த பிறகு பேராசிரியர் வகுப்பையே அந்தப் படிக்கு முன்னால் நிறுத்தினார். "வூட்டுக்கு வர்றவங்க செருப்பக் கழட்டுவாங்க. திருட வந்தவன் கழட்டுவானா? இவங்க ரெண்டு பேரத் தவிர அத்தினி பேரும் அவன் தடத்து மேலயே செருப்ப வுட்டுட்டு உள்ள போயிருக்கீங்க!"

பையன்களின் காலர் தானாக இறங்கியது. முதல் மதிப்பெண் எங்களுக்கு. இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். கொஞ்சம் அடக்கமாக இருந்திருக்கலாம். ஏன் இருக்க வேண்டும்?

போனில் சொன்னபோது அப்பா "ம்" என்று வைத்துவிட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சாயங்காலம் தியாகதுருகத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையே என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

"இன்னாம்மா, திருடனப் புடிச்சிட்டியாமே!" என்றார் கடைக்காரர். பெஞ்சில் அப்பா ஒன்றும் தெரியாதவர்போல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அது பரீட்சைப்பா" என்றேன் அவர் காதருகில்.

"தெரியும். அவங்களுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?"

என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பாதி தூரம் போனதும் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"எஸ்.ஐ. பரீட்சைக்கு எந்த புக்கும்மா வாங்கணும்?"