விலாவில் ஒட்டிய பிளாஸ்திரி

என் வீட்டுக்காரர் கவுஸ் பாஷாவுக்குத் தொப்பூர் கணவாயில் பஞ்சர் கடை. லாரி டயரை ஒற்றை ஆளாகப் புரட்டுகிறவர். எண்பத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள், இடது விலா எரிகிறது என்று உட்கார்ந்துவிட்டார். மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் இருக்கிறதாம். பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை.

அவருடைய அத்தா, என் மாமனார், நாற்பத்தைந்து வயதில் நெஞ்சுவலியில் போனவர். இவருக்கும் அந்த வருஷம் நாற்பத்தைந்து. பயந்துபோய் தர்மபுரியில் ஈசிஜி எடுத்தோம். இதயத்தில் கோளாறு இல்லை, தசைப்பிடிப்பாகவோ வாயுவாகவோ இருக்கலாம் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். தோலில் ஏதாவது கிளம்பினால் உடனே வரச் சொன்னார். டாக்டர் எதையோ மறைக்கிறார் என்று இவர் பஸ்ஸிலேயே முடிவு கட்டிவிட்டார்.

எங்கள் பக்கம் விலா வலி என்றால் ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்திரிதான். முதுகிலிருந்து மார்புவரை ஒட்டிக்கொண்டார். அது தானாக விழும்வரை பிரிக்கக் கூடாது, பிரித்தால் வலி உள்ளே இறங்கிவிடும் என்பார்கள். நானும் தலையாட்டினேன், என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். தோலைப் பார்க்கச் சொன்னார் டாக்டர், நாங்கள் தோலையே மூடி வைத்தோம்.

எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. ஆறாம் நாள் இவர் கடைச் சாவியைப் பக்கத்து டீக்கடை மாயவனிடம் கொடுத்து, கடையை நீயே வைத்துக்கொள், எனக்கப்புறம் என் பொஞ்சாதி ஹாஜிராவுக்கு அரிசி வாங்கிப் போடு என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு வந்ததே கோபம்! அழுகையும் கூடவே வந்தது.

எட்டாம் நாள், ஆனது ஆகட்டும் என்று வெந்நீர் ஒற்றிப் பிளாஸ்திரியைப் பிரித்தேன். அடியில் வரிசையாகக் கொப்புளம்.

டாக்டர் பார்த்ததும் அக்கி என்றார். சின்ன வயதில் வந்த சின்னம்மை நரம்பில் தங்கி, இப்போது தலைதூக்கியிருக்கிறதாம். முதலில் எரியும், பிறகுதான் கொப்புளம் வருமாம். பூசுவதற்கு ரோஸ் நிறத் தண்ணி மருந்தும் வலி மாத்திரையும் தந்தார். அக்கிக்கு ஊரில் செய்வதுபோல் காவி குழைத்து உடம்பில் எழுத வேண்டாம், புண் சுத்தமாக இருக்கட்டும், ஆறினாலும் எரிச்சல் சில மாதம் இருக்கலாம் என்றார். இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"அப்ப நான் சாவ மாட்டேனுங்களா?"

கொப்புளம் காய்ந்தது. ஆனால் கொடுத்த சாவியைத் திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கடை போனது போனதுதான் என்று வீட்டிலேயே கிடந்தார். ஒரு நாள் காலையில் மாயவனே வந்தான்.

"இந்தாங்க பாய் சாவி. இன்னும் பூட்டைத் தொடலைங்க. நான் தெறந்தா நீங்க போயிட்டீங்கன்னு ஆயிடுமில்லீங்களா."

இவர் விலாவை மறந்து அவனைக் கட்டிக்கொண்டார். எரிச்சலில் கத்தினார். ஆனால் அவனை விடவில்லை.