மஞ்சள் பங்காளிகள்

மீன்தொட்டியின் மூடியைத் தூக்கியதும் முதலில் முகர்ந்து பார்க்கிறார். பிறகு மீன்களை இடமிருந்து வலமாக எண்ணுகிறார். வலமிருந்து இடமாக இன்னொரு முறை. இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகுதான் அறையில் இருப்பவர்களுக்கு வணக்கம். ஒத்துப்போகாத நாளில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

அறை, பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறை. என் ஒற்றைக் கடைவாய்ப் பல்லின் சிகிச்சை ஐந்து செவ்வாய்க்கிழமைகளுக்கு நீண்டுவிட்டது. அவர் வருவதும் செவ்வாய்தான். டாக்டரம்மாவின் கதவையே பார்த்துக்கொண்டிருப்பதைவிட இவரைப் பார்ப்பது நெஞ்சுக்கு நல்லது.

பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தொட்டிக்காரர். ஐம்பது வயதிருக்கும். அவருடைய சட்டைகளுக்கெல்லாம் இடப்பக்கம் முழுக்கை, வலப்பக்கம் கையே கிடையாது. தோள்வரை தண்ணீரில் போகும் கைக்குத் துணி எதற்கு என்று மனைவி வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துவிட்டாராம். கடல் இங்கிருந்து ஒரு நாள் பயணம். அதை அவர் உப்பாக வாங்கி, இரண்டு வாளித் தண்ணீரில் கரைத்து எடுத்துவருகிறார்.

மீன்களைப் பற்றிப் பேசும்போது ‘சண்டை’ என்ற சொல்லைத் தொடமாட்டார். துடுப்பு கிழிந்திருந்தால், “ஏதோ பேச்சு வார்த்தை நடந்திருக்கு” என்பார். கண்ணே போயிருந்தால், “கொஞ்சம் மனஸ்தாபம்.”

தொட்டியின் மூத்த குடி ஒரு மஞ்சள் மீன். தட்டையாக, உள்ளங்கை அகலம். வாலடியில் மடக்கிய பேனாக்கத்திபோல ஒரு முள். ஏழு வருட வாசம். தொட்டிக்காரர் அதைப் ‘பெரியவர்’ என்பார். போன மாதம் டாக்டரம்மா அதே உடல்வாகில் ஊதா நிறத்தில் ஒன்றை வாங்கிவந்து, இவரைக் கேட்காமல் விட்டுவிட்டார். மூன்றாம் நாள் பெரியவர் அதை ஒரு சிறுமியின் கண்ணெதிரே முடித்துவைத்தார். சிறுமி அதற்குப் பிறகு வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். பல் மருத்துவமனைக்கு இது பெரிய இழப்பு. இன்னொரு மீன் இங்கே செத்தால் தொட்டியையே எடுத்துவிட்டு, சுவரில் கடல் படம் ஒன்று மாட்டிவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவர் எதையும் இரண்டு முறை சொல்வதில்லை.

இந்த ஐந்தாம் செவ்வாயில் எண்ணிக்கை ஒன்று கூடுதலாக வந்தது. மூன்றாம் முறை எண்ணினார். பாறைக் குவியலின் பின்னால், வால் கிழிந்து, இன்னொரு மஞ்சள் மீன் ஒண்டிக்கொண்டிருந்தது.

வரவேற்பு மேசைப் பெண் எழுந்து வந்தாள். நேற்று சாயங்காலம் அவள்தான் விட்டாளாம்.

“அந்த மஞ்சள் மீனு தனியாவே சுத்திட்டு இருந்துச்சுண்ணே. பாவமா இருந்துச்சு. அதான் அச்சு அசலா அதே மாதிரி தேடிப் புடிச்சேன்.”

“அதே மாதிரிங்கிறதுதாம்மா வம்பே. கோடு போட்ட வேற மீனு வந்தா விருந்தாளி. தன்னை மாதிரியே ஒருத்தன் வந்தா பங்காளி. பங்காளிக்கு யாரு இடம் குடுப்பா?”

அவள் கண் கலங்கியது. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். இந்த வாலோடு இன்னொரு பிரயாணம் தாங்காது என்றார். பெரியவரை எங்காவது மாற்றிவிடலாமா என்றாள். ஏழு வருடப் பழக்கத்துக்கு வேறு தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றார். இரண்டையும் ஒரே குரலில், வானிலை அறிக்கை மாதிரி சொன்னார்.

பிறகு அந்த வலக்கையை உள்ளே விட்டு, பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் வைத்தார். பெரியவரின் குகை, மேய்ச்சல் சுவர், பதுங்கும் சந்து, எல்லாம் வெளியே வந்தன. கீழே இருந்தது மேலே, வலப்பக்கம் இருந்தது இடப்பக்கம் என்று திரும்ப அடுக்கினார். என் பக்கம் திரும்பாமல், “வீட்டைக் கலைச்சுட்டா ரெண்டு பேருமே புதுக் குடித்தனம்ங்க. யாரு முன்னாடி வந்தாங்கன்னு கேள்வியே வராது” என்றார். யாரைச் சமாதானப்படுத்தினார் என்று தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

டாக்டரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். எல்லாம் சரியா என்று கேட்டார்.

“துப்புரவு வேலை டாக்டர்.”

வழக்கமாக நாற்பது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறவர், அடுத்து போகவேண்டிய இரண்டு இடங்களுக்கும் ஃபோன் செய்து நாளைக்கு என்றார். நாற்காலியைக் கண்ணாடிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பெரியவர் தன் வீட்டைத் தேடி மூன்று சுற்று வந்தார். நான்காவது சுற்றில் புதியதைப் பார்த்துவிட்டார். உடலைப் பக்கவாட்டில் சாய்த்து, வாலடி முள்ளை விரித்து, மெல்ல நெருங்கினார். தொட்டிக்காரர் கண்ணாடியில், இரண்டுக்கும் நடுவே, சுட்டுவிரலை வைத்தார். பெரியவர் நின்று விரலை ஆராய்ந்தார். தொட்டிக்காரர் விரலைக் கொஞ்சம் நகர்த்தினார். பெரியவரும் அதோடு நகர்ந்தார். புதியது ஒரு பாறை இடுக்கில் நுழைந்துகொண்டது.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்துப் பாதி முகம் மரத்துப்போய் வெளியே வந்தேன். அறையில் வேறு நோயாளிகள். அவர் அதே நாற்காலியில், கண்ணாடியை ஒட்டி. சுட்டுவிரல் களைத்து விலகியிருந்தது, இரண்டு மஞ்சளுக்கும் நடுவே அந்த இடத்தில் கட்டைவிரல் இருந்தது.