கிணற்றங்கரைத் தாழை

கல்யாணமாகிக் கடத்தூர்ப் பக்கம் வந்த புதிதில் எனக்கு முதலில் கோபம் வந்தது மாமியார் மேல் அல்ல, ஓடை மேல்தான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணலாகக் கிடக்கும் ஓடை அது. ஐப்பசியில் நாலு மழை பெய்துவிட்டால் போதும், தலைகால் புரியாமல் ஓடிவந்து எங்கள் கொல்லையின் கரையைக் கரைத்துத் தின்னும். கரையை ஒட்டித்தான் கிணறு. அந்தக் கிணற்றை நம்பித்தான் ராகியும் மிளகாயும், எங்கள் வீட்டில் எரியும் அடுப்பும். என் வீட்டுக்காரர் முள்ளை வெட்டிப் போட்டு மண் அணைப்பார். ஓடை அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும்.

நான் பிறந்தது பென்னாகரத்துக்குக் கீழே, காவிரிக் கரையில். அங்கே கரையைக் காப்பது தாழைதான். விழுது இறக்கி மண்ணைப் பிடித்தால் பிடித்ததுதான். வெள்ளம் வந்து கெஞ்சினாலும் விடாது. ஓலையின் ஓரமெல்லாம் முள் என்பதால் ஆடு மாடும் வாய் வைக்காது. இங்கேயும் நாலு தாழங்கன்று வைத்தால் என்ன என்று நான் கேட்டதுதான் தாமதம், மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"தாழையா? பூ வாசத்துக்கு ஊருல இருக்கற பாம்பெல்லாம் நம்ம கெணத்துக்கு வந்துரும். தண்ணி எறைக்கப் போறவன் வூடு திரும்ப வேண்டாமா?"

"எங்க ஊர்ல பொம்பளைங்க அந்தப் பொதர்லதாங்க அத்தே பூப் பறிக்கறாங்க. யாரையும் கடிச்சதில்லீங்க."

"உங்கூரு பாம்பு வேற."

பாம்பில்கூட உள்ளூர், வெளியூர் பார்க்கும் மாமியார் எனக்கு வாய்த்திருந்தார். என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று நழுவிவிட்டார்.

அடுத்த மழையில் கரை இன்னும் சரிந்து, கிணற்றுக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு வண்டி போகும் அகலம்தான் மிஞ்சியது. மாமியார் இறங்கிவந்தார். "வெச்சுக்க. ஆனா மொதப் பூ விட்ட அன்னிக்கே வெட்டிப்புடணும்."

நான் தலையாட்டினேன். பூ விடச் சில வருஷமாகும், அதற்குள் மறந்துவிடுவார் என்பது என் நினைப்பு. மாமியாரை எனக்கு அப்போது அவ்வளவாகத் தெரியாது.

அப்பா வண்டி நிறையக் கன்று அனுப்பினார். கிணற்றை ஒட்டி வரிசையாக நட்டோம். அது யுத்தகாலம். மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் ஊரே அலைந்துகொண்டிருக்க, தாழை மட்டும் எந்தத் தட்டுப்பாடும் இல்லாமல் வளர்ந்தது. மாமியார் காலையில் எழுந்ததும் ஓடைப் பக்கம் போய் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். தாழம்பூவென்றால் உயிரை விடும் நான், பூத்துவிடக் கூடாதே என்று சாமிக்கு வேண்டிக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து, ஐப்பசி நெருங்கும் சமயம், கொடுவாளோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு மாமியார் கிணற்றுப் பக்கம் போவதைப் பார்த்தேன். "குருத்துல என்னமோ வெச்சிருக்குது" என்றார். மழை வரும் நேரத்தில் தாழையை வெட்டினால் கிணறு போச்சு. பின்னாலேயே ஓடினேன்.

குருத்தில் இருந்தது பூ அல்ல. அன்னாசிப் பழம் போல் பச்சையாக ஒரு காய். மாமியார் குனிந்து முகர்ந்து பார்த்தார். மணமே இல்லை.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தாழையில் மணக்கும் பூ விடுவது ஒரு மரம், காய்ப்பது வேறு மரம். பூ விடும் புதரில் கைவைக்க எங்கள் ஊர்ப் பெண்கள் விட்டிருக்க மாட்டார்கள். அப்பா யாரும் சீந்தாத புதராகப் பார்த்து வெட்டி அனுப்பியிருக்கிறார். தாழைக்கு நடுவே வளர்ந்தும், பூவைத் தவிர வேறெதையும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"வெட்டறதுங்களா, வேண்டாங்களா?" என்று அந்த ஆள் கேட்டார்.

மாமியார் காயை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். "பூத்தா வெட்டணும்னுதான் சொன்னேன். காய்ச்சா வெட்டணும்னு சொல்லலியே. நீ போப்பா."

அந்த ஐப்பசியில் ஓடை எதிர்க்கரையைப் பெயர்த்துக்கொண்டு போனது. அங்கிருந்த கிணறு மண் மூடிப்போயிற்று. எங்கள் பக்கம் மேல்மண் கரைந்து விழுதெல்லாம் வெளியே தெரிந்தது. கரை மட்டும் அசையவில்லை. வெள்ளம் வடிந்ததும் எதிர்க்கரைக்கார அம்மாள் எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்க வந்தார். தாழையைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

"ஏனுங்க, இதுக்குப் பாம்பு வருமாமே? பயமா இல்லீங்களா?"

"வந்தா வந்துட்டுப் போவுது" என்றார் மாமியார். "கெணறு நிக்குதில்ல? எம் மருமவ வெச்சது."

அதுவரை மற்றவர்களிடம் அவர் என்னை 'அவ' என்றுதான் சொல்லிவந்தார். இடுப்பில் குடத்தோடு நின்ற இடத்திலேயே நான் அழுதுவிட்டேன்.