நாற்பத்தேழாம் நம்பர் புளியமரம்

அற்புதமேரி பேய்க்கதை சொல்வது பட்டப்பகல் இரண்டு மணிக்கு. விழுப்புரத்தில் அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையைச் சாப்பாட்டுக்கு மூடும் நேரம் அது. ஷட்டரைப் பாதி இறக்கி, இரைச்சல் போடும் ஃபேனை நிறுத்திவிட்டு, போனை வாயருகே வைத்துக்கொண்டு வேர்க்க வேர்க்கச் சொல்லுவாள். வாசலில் இளநீர் வெட்டும் சத்தமும் சில நாள் பதிவில் விழுந்துவிடும். கேட்பவர்கள் அதை எலும்பு முறியும் சத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவளும் மறுத்ததில்லை.

பிறந்தது திண்டிவனத்தில். அப்பா தொம்மை பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். கிலோக் கணக்கில் வந்து விழும் மாத நாவல்களில் பேய்க்கதைகளை மட்டும் பொறுக்கியெடுத்து, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படிப்பாள். பாதிப் புத்தகங்களுக்குக் கடைசிப் பக்கம் இருக்காது. காட்டேரி கழுத்தில் கை வைத்த இடத்தோடு கதை அறுந்து நிற்கும். மீதியை அவளே கட்டி முடித்துத் தங்கைகளுக்குச் சொன்னாள். ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் பேய்க்கதை படித்ததையும் ஒரு பாவமாகச் சேர்த்துச் சொன்னபோது, அந்தக் கதை எப்படி முடிந்தது என்று சாமியார் கேட்டாராம்.

கல்யாணம் கட்டி விழுப்புரம் வந்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகுதான் 'மேரியக்கா கதை' என்று யூடியூபில் தொடங்கினாள். நாற்பதாயிரம் பேர் கேட்டார்கள். ஊர் பேர் தெரியாத காட்டில் பேய் வந்தால் யாருக்கும் பயம் வராது, பேய்க்கும் ஒரு முகவரி வேண்டும் என்பது அவள் கண்ட உண்மை. அதனால் புரட்டாசி தொடக்கத்தில் சொன்ன கதைக்கு, கெடார் சாலையில் பஸ்ஸிலிருந்து பார்த்த ஒரு புளியமரத்தை எடுத்துக்கொண்டாள். நெடுஞ்சாலைக்காரர்கள் அதில் வெள்ளையடித்து 47 என்று எண் போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கிணற்றில் விழுந்து செத்த கலைமதி என்ற பெண் பேயாக அலைகிறாள். அவள் ஏறிய பெண்ணின் உச்சிமயிரைப் பூசாரி பிடித்து, அந்த நாற்பத்தேழாம் நம்பர் மரத்தில் ஆணி அடித்து, அவளை அங்கேயே கட்டிவிடுகிறார். இதுதான் கதை. 'இன்றைக்கும் அவள் அங்கேதான் இருக்கிறாள்' என்று குரலைத் தாழ்த்தி முடித்திருந்தாள்.

பத்தாம் நாள் கெங்கம்மாள் என்ற பெண்மணி கடை தேடி வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஜெராக்ஸ் எடுக்க வந்தவள் மாதிரி வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் மடியிலிருந்து ஒரு மல்லாட்டைச் செடியை, வேரில் தொங்கும் கடலைக் காய்களோடு எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள். காயின் மூக்கைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

அந்த மரத்தை ஒட்டி அவளுக்கு ரெண்டு ஏக்கர். காய் முற்றிவிட்டது. இடையில் ஒரு மழையும் பெய்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் மண்ணுக்குள் கிடந்தால் அத்தனையும் முளைத்துவிடும். ஆனால் பிடுங்க ஆள் வரவில்லை. கூலிக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வரும் கவிதா, நன்றாக வெயில் ஏறிய ஒன்பது மணிக்கு மேல்கூட அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டாளாம்.

அற்புதமேரி அங்கேயே போனை எடுத்து அந்தக் கதையை அழித்தாள். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கெடாருக்கு பஸ் ஏறி, கவிதாவின் வீட்டு வாசலிலேயே போய் நின்றாள். எல்லாம் நான் கட்டிவிட்டதுதான், அப்படி ஒரு பெண்ணே இல்லை என்று மாதா மேல் ஆணையாகச் சொன்னாள். கவிதா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நேத்து வீடியோவ அழிச்சிட்ட. இன்னிக்கு ஓடியாந்து பொய்யின்ற. அது உன்ன இன்னா பாடு படுத்துதோ, பாவம்."

அங்கிருந்து கெங்கம்மாளின் வீட்டுக்குப் போனவள் அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். கெங்கம்மாள் திட்டவில்லை. மோர் கொண்டுவந்து வைத்தாள். அவள் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, அந்தப் பொண்ணுக்குப் பெத்தவங்க இருந்தாங்க இல்ல? கதையில சொன்னியே."

"இருந்தாங்கக்கா."

"கண்ணாலம் ஆவாத பொண்ணு. ஆணி அடிச்சி உட்டுட்டு வந்துட்டியே. ஒரு பொடவ வெச்சிக் கூப்புட ஆளில்லாமயா பூட்டாங்க?"

அற்புதமேரிக்குச் சட்டென்று விளங்கவில்லை. பக்கத்து வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைப்பதை அவள் பார்த்திருக்கிறாள். படைத்த பொங்கலை வாங்கிச் சாப்பிட்டும் இருக்கிறாள். அது அந்த வீட்டில் வாழ்ந்து செத்த ஒரு பெண் என்பதை மட்டும் யாரையும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவள் வீட்டுச் செத்தவர்களுக்குக் கல்லறைத் திருநாள் மெழுகுவத்தி இருந்தது. இவர்களுக்கு என்ன இருக்கிறது என்று எந்தப் புத்தகமும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. பேய் என்றால் ஆணி, அவ்வளவுதான் தெரியும்.

கெங்கம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிணற்றங்கரைக்குப் போக வேண்டும். செம்பில் தண்ணீர் மொண்டு, பூச்சுற்றி, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து மஞ்சள் புடவை வைத்துப் படைக்க வேண்டும். அந்தப் புடவையை அப்புறம் வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வாள். கெங்கம்மாளின் நாத்தனாரே அந்த வீட்டுப் பூவாடை. பதினேழு வயதில் பாம்பு தீண்டிப் போனவள். அவளைப் பற்றிச் சொல்லும்போது, பக்கத்து ஊருக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

"பொய்யின்னு சொன்னா எவளும் நம்ப மாட்டா. கூட்டிக்கினு பூட்டாங்கன்னு சொல்லு. ஜல்தியா சொல்லு."

அன்று பகலே, கெங்கம்மாள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து இரண்டாம் பாகத்தைப் பதிந்தாள். கலைமதியின் அம்மா புளியமரத்துக்கு வருகிறாள். ஆணி கைக்கு வர மறுக்கிறது. பல்லால் கடித்து, கை கிழிய இழுத்து எடுக்கிறாள். மகள் முதலில் வர மாட்டேன் என்கிறாள். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிறாள். இந்த இடத்தில் பேய்க்குரல் வைத்துப் பேசித்தான் அற்புதமேரிக்குப் பழக்கம். அன்று அந்தக் குரல் வரவில்லை. தன் மகள் பவுலின் கோபித்துக்கொண்டு கேட்பது மாதிரியே வந்தது. கதவோரம் நின்று கேட்ட கெங்கம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பயமே இல்லையே அக்கா என்று பலர் கீழே எழுதினார்கள். நூறு பேருக்கு மேல் விலகிப் போனார்கள். தங்கள் வீட்டில் செத்த பெண்களின் பெயர்களை வரிசையாக எழுதியவர்களும் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை கவிதா பதினோரு பெண்களோடு வந்தாள். நேராக மல்லாட்டைக் கொல்லையில் இறங்கவில்லை. மரத்தடியில் நின்று, தகவல் கேட்டு வந்திருந்த அற்புதமேரியைக் கூப்பிட்டாள்.

"பொண்ணு போயிட்டாளா?"

இல்லவே இல்லை என்று மாதா மேல் ஆணையிட்டாளே, அந்தக் கலைமதியைத்தான் கேட்கிறாள். அற்புதமேரி ஒரு கணம்தான் தயங்கினாள்.

"அவங்கம்மா கூட்டிக்கினு பூட்டாங்க."

கவிதா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் சாலில் இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். நாலு செடிக்கு ஒரு செடி முளைத்திருந்தது. கெங்கம்மாள் அவற்றைத் தனியே ஒதுக்கிக்கொண்டே வந்தாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அற்புதமேரியும் உட்கார்ந்து காய் ஆய்ந்தாள். விரலெல்லாம் மண்.

சும்மா உட்கார்ந்து ஆய்ந்தால் பொழுது போகாது, ஒரு கதை சொல்லேன் என்று யாரோ கேட்டார்கள். பேய் இல்லாத கதை தனக்குத் தெரியாதே என்றாள்.

"பேய்க் கதையே சொல்லு," என்றாள் கவிதா, தலையைத் தூக்காமலே. "மரம் மட்டும் நம்ம பக்கம் வேணாம்."

அற்புதமேரி சற்று யோசித்தாள். பிறகு, நடுக்கடலில் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலில் தொடங்கினாள்.