ஐஸ் குத்திக்கு நான் சுற்றிய கைப்பிடி

எனக்குக் கைவேலைத் திமிர் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, மீனை ஐஸில் போட்டு வைக்கிற வாடி ஒன்றில் பதினொரு வருடமாக ஐஸ் உடைக்கிறேன். கடையில் விற்கிற ஐஸ் குத்தியைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒரு சாண் நீளத்தில் கூரான உருக்குக் கம்பி, அதற்கு வழவழவென்று ஒரு மரப்பிடி. ஈரக் கையில் அது நிற்காது. அதனால் என் குத்திக்கு நானேதான் பிடி சுற்றுவேன். பழைய சைக்கிள் டியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி முதலில் இறுக்கிச் சுற்ற வேண்டும். அதற்கு மேல் வலை பின்னுகிற நைலோன் நூலை, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் நகம் போகாதபடி நெருக்கிச் சுற்ற வேண்டும். மிஞ்சுகிற நூலை முறுக்கி, மணிக்கட்டுக்கு ஒரு வளையம்.

வளையம் வேண்டும். படகின் ஐஸ் அறைக்குள் குனிந்து குத்தும்போது குத்தி கைநழுவினால் மீனுக்குள் போய்விடும், பிறகு தேடுகிறவனின் காலில்தான் ஏறும். ஆகவே வாடியில் எல்லாருமே வளையத்தைக் கையில் இரண்டு சுற்றுப் போட்டுக்கொள்வோம். என்னுடையது சுருக்கு முடிச்சு. இழுத்தால் இறுகும், நனைந்தால் இன்னும் இறுகும். "உன்ர முடிச்சைக் கழட்ட உன்ர கொப்பர்தான் வரவேணும்" என்று வாடியில் பகிடி விடுவார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

அக்காவின் புருசன், என் அத்தான், சுழியோடி. கடல் அமைதியான மாதங்களில் நிலாவெளியில் வெள்ளைக்காரரைக் கடலுக்கடியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். வாடைக்காற்று தொடங்கினால் அந்த வேலை படுத்துவிடும். அன்புவழிபுரத்து வீட்டில் கதிரையைப் போட்டுக்கொண்டு முகட்டைப் பார்த்தபடி இருப்பார். அப்படி இருந்த ஒரு மாசி மாதத்தில்தான் இரும்பு வியாபாரி ஒருவர் அவரைத் தேடி வந்தார். ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஆற்றில் பழைய பாதை ஒன்று மூழ்கிக் கிடந்தது. பாலம் வருமுன் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போன மிதவைப் படகைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அடியில் இரும்பு, மேலே தடித்த பலகை. அந்த இரும்பைக் கழற்றித் தர வேண்டும்.

அத்தானுக்கு உயிர் வந்தது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"கடலில எல்லாம் தெரியும். ஆத்துக்குள்ள ஒண்டும் தெரியாதாமே," என்றாள்.

"கடலுக்குள்ள போறவனுக்கு ஆறெல்லாம் ஒரு ஆறே? நெஞ்சளவு தண்ணிக்கு நீ ஏன் நடுங்குறாய்," என்றார்.

முழுப் பொய். முதல் நாள் இறங்கிவிட்டு வந்து என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். மூன்று ஆள் ஆழம். தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர், நீட்டிய கை தெரியவில்லை. பாசி பிடித்த பலகையில் கை வழுக்குகிறது, ஓட்டம் ஆளைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறது. பலகையில் குத்திப் பிடித்துக்கொண்டு நகர ஏதாவது கூராக வேண்டும்.

"உன்ர குத்தி மாதிரி எனக்கும் ஒண்டு செய்து தா தம்பி."

இரண்டு நாள் மினக்கெட்டேன். அவருடைய கை என்னுடையதைவிடப் பெரிது. அளவு பார்த்து டியூப்பை ஒரு அடுக்குக் கூட்டினேன். நீல நூலும் பச்சை நூலும் மாறி மாறி வரச் சுற்றினேன். வளையம் அவர் கேட்கவில்லை. நானாகத்தான் போட்டேன். ஆற்றில் விட்டால் எடுக்க ஏலாது என்று சொல்லி, இரண்டு சுற்றுப் போடவும் காட்டிக் கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு.

அடுத்த முறை வாடியில் லீவு சொல்லிவிட்டு நானும் போனேன். அந்த ஊர் மீன்பிடிக்காரர் ஒருவருடைய படகு. அத்தானின் அக்குளுக்குக் கீழே கட்டிய கயிற்றின் மறு நுனி என் கையில். மூன்று தரம் சுண்டினால் இழுக்க வேண்டும். சிலிண்டரில் காற்று முக்கால் மணித்தியாலத்துக்கு வரும் என்றார். அரை மணித்தியாலம் குமிழி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பிறகு கயிறு சுண்டியது. மூன்று தரம்.

இழுத்தேன். வரவில்லை. காலைப் படகின் விளிம்பில் முண்டு கொடுத்து, இன்னும் பலமாக இழுத்தேன். ஐஸில் குத்தி இறுகினால் இழுக்க இழுக்கத்தானே வரும். பதினொரு வருடம் பழகிய கை அதையே செய்தது. பலகை ஐஸ் இல்லை என்று என் மண்டைக்கு ஏறவில்லை. கீழே நடந்தது பிறகுதான் தெரிந்தது: குத்தி பலகைக்கும் இரும்புக்கும் நடுவில் செருகிக்கொண்டது. வளையம் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டது. நான் மேலே இழுக்க, முடிச்சு கீழே இறுகியது. கத்தி அவருடைய காலில் கட்டியிருந்தது. கயிற்றைத் தளர்த்தியிருந்தால் குனிந்து மற்றக் கையால் எடுத்திருப்பார். தளர்த்தவில்லையே நான்.

"விடுங்கோ தம்பி, இழுக்காதேங்கோ, எங்கயோ கொழுவிப் போட்டுது," என்று படகுக்காரர் என் கையைத் தட்டிவிட்டுக் கத்தியோடு குதித்தார். இரண்டு தரம் மூச்செடுக்க மேலே வந்தார். மூன்றாம் தரம் அத்தானோடு வந்தார். காற்றுக் குழாய் அத்தானின் வாயில் இல்லை.

படகில் கிடத்தி நெஞ்சை அமத்தினேன். ஒரு வான் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அமத்தினேன். டாக்குத்தர் என் கையைப் பிடித்து நிறுத்தும்வரை அமத்தினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வருமுன், அத்தானின் மணிக்கட்டில் மிஞ்சியிருந்த நூல் துண்டைப் படகுக்காரர் அறுத்தெடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்தார். "ஆரும் கேட்டா, தண்ணி இழுத்துப் போட்டுது எண்டு சொல்லுங்கோ," என்றார். அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். விசாரணையில் நானும் அப்படியே சொன்னேன். அக்காவிடமும் சொன்னேன். செத்தவீட்டில் ஆட்கள் என் தோளைத் தடவினார்கள். பாவம், கண் முன்னாலேயே பறிகொடுத்தவன் என்றார்கள். எனக்கு என்னையே அறைய வேண்டும் போல இருந்தது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு பகல் அன்புவழிபுரத்துக்குப் போனேன். அக்கா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிலத்தில் குந்தினேன்.

"அக்கா, அத்தானைத் தண்ணி இழுக்கேல்லை. என்ர வளையம்தான் கையைப் பிடிச்சது. நான் இழுத்து இறுக்கினனான். நான்தான் அவரைச் சாகடிச்சனான்."

ஒன்றும் விடாமல் சொன்னேன். அடிப்பாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று இருந்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் துருவுவதை நிறுத்தவில்லை. வெள்ளை முடிந்து சிரட்டைத் தூள் விழத் தொடங்கிய பிறகுதான் கை நின்றது.

"அண்டைக்கு விடிய வெளிக்கிடேக்க என்னட்டக் கத்திரிக்கோல் கேட்டவர்," என்றாள். "இந்த வளையம் சரிவராது, வெட்டிப்போட்டுக் கொண்டுபோறன் எண்டவர். தம்பி மினக்கெட்டுச் செய்தது, வெட்டினா அவன்ர மனம் நோகும், கிடக்கட்டும் எண்டு நான்தான் சொன்னனான்."

துருவலுக்குள் விழுந்த சிரட்டைத் தூளை விரலால் பொறுக்கத் தொடங்கினாள்.

"நீ வந்து என்னட்டச் சொல்லிப்போட்டாய்," என்றாள். "நான் அவரிட்டப் போய்ச் சொல்லேலுமோ?"