சுவரை விட்டு நடந்த நீலம்

வழுவழு பெயிண்டர் அடித்த சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று சொல்வார்கள். சொன்னவர்களில் முக்கால்வாசி அவரேதான். கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு நீலம் அடித்து முடித்ததும் தலைமையாசிரியை, "ஒரு மழை தாங்கட்டும். அப்புறம் பன்னிரண்டு வகுப்பறையும் உங்களுக்குத்தான்" என்றார். அரை வருஷத்துக்கு அடுப்பெரியும் வேலை.

"ஒரு புள்ளி உரிஞ்சாலும் பிரஷ்ஷைத் தொட மாட்டேன் டீச்சர்!" என்று மார்தட்டிவிட்டு வந்தார்.

மழை இரண்டு நாள் கொட்டியது. பள்ளி திறந்த காலையில் தலைமையாசிரியை ஃபோன் செய்தார்.

"உங்க சுவருக்கு அம்மை போட்டிருக்கு. வந்து பாருங்க."

பெயிண்டரோடு, அவருக்குப் பெயிண்ட் கலக்கும் மனைவியும் வந்தாள். சுவரின் உச்சி விளிம்புக்குக் கீழே, கோழிமுட்டை அளவில் இருபத்து மூன்று வெற்றுத் திட்டுகள்.

"உரிஞ்சது கீழ விழணும்ல? ஒரு தூள்கூட இல்லையே" என்று செடிகளுக்குள் குனிந்தவள், குனிந்தபடியே நின்றாள். "ஏங்க, உங்க பெயிண்ட் இலை தின்னுது."

நீல ஓட்டோடு ஒரு நத்தை.

வெயில் ஏறியதும் நத்தைகள் சுவரில் ஏறி, ஓட்டின் வாயைக் காகிதம் போன்ற சவ்வால் அடைத்து, அங்கேயே ஒட்டிக்கொண்டு தூங்கியிருக்கின்றன. நாலு மாதம் சோறு தண்ணீர் கிடையாது. பெயிண்டர் அவற்றைப் பழைய சிமென்ட் கட்டிகள் என்று நினைத்தார். கட்டியைச் சுரண்டினால் பூச்சும் பெயர்ந்து வரும், ஆகவே தொடாதே. இது அவருடைய முப்பது வருஷத்துச் சட்டம். மேலேயே இரண்டு கோட் இழுத்துவிட்டார். ஈரம் பட்டதும் கட்டிகள் எழுந்து நடந்துவிட்டன.

இதைக் கேட்டு, "கதை நல்லா இருக்கு" என்றார் தலைமையாசிரியை, நம்பாமல்.

பெயிண்டர் நீல நத்தைகளை வாளியில் பொறுக்கி, ஏணியில் ஏறி, ஒவ்வொன்றையும் திட்டில் வைத்துக் காட்டினார். டப்பாவுக்கு மூடி மாதிரி பொருந்தின. வகுப்பறை ஜன்னல்களெல்லாம் தலைகள். பள்ளிக்கூடமே சத்தமாக எண்ணியது. இருபத்திரண்டோடு வாளி காலி.

"இன்னொண்ணு?"

"ஒண்ணுதானே டீச்சர்..."

"ஒரு புள்ளி உரிஞ்சாலும்னு சொன்னது யாரு?"

மனைவி அவரை முறைத்தாள். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்னவாம்?"

மதியம் வரை புதர் புதராகத் தேடினார்கள். தலைமையாசிரியை தன் அறைக்குப் போய்விட்டார். சற்று நேரத்தில் அங்கிருந்து ஒரு அலறல். வெளியே வந்தவர் கையில் ஒரு தாள். ஓரம் அரிக்கப்பட்ட தாளின்மேல் இருபத்து மூன்றாவது ஆள்.

"ஜன்னல் வழியா வந்து மேசைமேல உக்காந்து தின்னுது!"

மனைவி மிச்சமிருந்த எழுத்தைப் படித்தாள். "வேற பெயிண்டருக்கு வேலை உத்தரவா டீச்சர்?"

தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். "இன்னும் கையெழுத்துப் போடலை."

பெயிண்டர் நத்தையைப் பிடுங்கிக்கொண்டு ஏணிக்கு ஓடினார். கச்சிதம். ஜன்னல்கள் ஆர்ப்பரித்தன.

"சரி, வகுப்பறை உங்களுக்குத்தான்" என்றார் தலைமையாசிரியை. "ஆனா கட்டி இருந்தா தட்டிப் பாத்துட்டு அடிங்க."

திங்கட்கிழமை, முதலாவது வகுப்பறையின் மூலையில் ஒரு கட்டி. பெயிண்டர் விரலால் தட்டினார். "உள்ள யாராவது இருக்கீங்களா?"

"இருந்தா மழைக்கு அப்புறம்தான் பதில் வரும்" என்றாள் மனைவி, கலக்குவதை நிறுத்தாமல். "சுரண்டுங்க முதல்ல."